பெருவிரல் கறையும் பென்சில் தையலும்

என் வாயைப் பற்றி எங்கள் தெருவில் நல்ல பேச்சு கிடையாது. வரிசையில் குறுக்கே நுழைகிறவனை விடமாட்டேன். சில்லறை இல்லை என்று இழுத்தடிக்கிற கடைக்காரனை விடமாட்டேன். கூடப் பிறந்த தங்கையே, "உன்னைக் கூட்டிக்கிட்டு ஒரு இடத்துக்குப் போக முடியுதா?" என்று அலுத்துக்கொள்வாள். ஆனால் யார் என்ன படிக்கிறார்கள் என்ற ஒரு விஷயத்தில் மட்டும் என் வாய் திறக்காது. வேலைக்குச் சேர்ந்தபோது பழகியது, அப்படியே ஒட்டிக்கொண்டது.

பொது நூலகத்தில் எனக்கு வீட்டுச் சேவை. படி இறங்க முடியாதவர்கள், கட்டிலைவிட்டு எழ முடியாதவர்கள், பிடித்துக்கொள்ள ஆள் இல்லாததால் வாசலைத் தாண்டாதவர்கள் என்று ஒரு கூட்டம் ஊருக்குள் இருக்கிறது. சக்கரம் வைத்த பையில் புத்தகங்களை அடுக்கி இழுத்துக்கொண்டு அவர்கள் வீடுகளுக்குப் போவேன். கதவைத் திறப்பவர் பெரும்பாலும் வாசகராக இருக்க மாட்டார், வாசகரைப் பார்த்துக்கொள்கிறவராக இருப்பார். அவர்களுக்குத்தான் முதலில் மூக்கு வியர்க்கும். "அப்பா என்ன கேட்டாரு?" "எங்க அத்தை போன தடவை என்ன வாங்கினாங்க?" இதற்கெல்லாம் என்னிடம் ஒரே பதில்தான். "கார்டு யாருதோ அவங்களைக் கேளுங்க."

நூலகத்திலும் அப்படித்தான். புத்தகம் திரும்பி வந்து கணினியில் பதிந்ததும், அதை எடுத்தவரின் பெயர் அழிந்துவிடும். போலீஸே வந்து கேட்டாலும் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது என்று எங்கள் தலைமை நூலகர் சொல்வார். வயதில் என்னைவிடச் சின்னவர், நல்ல மனுஷர். அவர் அதைச் சொல்லும்போது எனக்கும் பெருமையாகத்தான் இருக்கும்.

வீட்டு வாசகர்களுக்கு மட்டும் அதில் ஒரு சங்கடம். அவர்கள் அலமாரியைப் பார்த்து எடுப்பதில்லை, நான்தான் எடுத்துப் போகிறேன். எதை யாருக்குக் கொடுத்தேன் என்று கணினிக்கும் தெரியாது, எனக்கும் மறந்துபோகும். அதனால் அவர்களே ஒரு வழி வைத்திருந்தார்கள். படித்து முடித்த புத்தகத்தில், ஏதாவது ஒரு பக்கத்தில், பென்சிலால் தங்களுக்கென்று ஓர் அடையாளம். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் பக்க எண்ணைச் சுற்றி வட்டம் போடுவார். இடுப்பு ஒடிந்து கிடக்கும் ஒரு நர்ஸ் ஓரத்தில் சின்னக் கூட்டல் குறி போடுவாள். பையில் வைக்குமுன் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துக்கொள்வேன். இது அவர்களுக்கும் எனக்கும் இடையில் காதும் காதும் வைத்த மாதிரி நடந்துவந்த ஏற்பாடு.

தையல்காரம்மாவின் அடையாளம், பத்தாம் பக்க எண்ணுக்குக் கீழே மூன்று சின்னச் சாய்கோடுகள். ஓரம் மடித்துக் கையால் தைக்கிற தையல் அது. சைக்கிள் கடைக்கு மேலே மாடியில் அவர் வீடு. கீழே கடை அவர் கணவருடையது. ஒரு காலத்தில் மேலே தையல் மெஷினும் கீழே பம்ப்பும் போட்டிபோட்டுக்கொண்டு சத்தம் போடும். இப்போது மெஷினுக்கு உறை மாட்டியாகிவிட்டது. ஜன்னலோரம் அதை ஒட்டிக் கட்டிலை இழுத்துப் போட்டிருந்தார்கள். ஆணியில் அளவு நாடா மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

"வா புத்தகம்," என்றுதான் கூப்பிடுவார். என் பெயரைச் சொல்லி ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. நான் கொண்டுபோகும் புத்தகங்களுக்கென்றே வெட்டுத்துணியில் உறை தைத்து வைத்திருந்தார், பெரிது, நடுத்தரம், சின்னது என்று. கை வியர்வையில் அட்டை கெடக்கூடாதாம். போனதும் முதல் வேலை, புத்தகத்துக்கு உடுப்பு மாட்டுவதுதான்.

"கீழே அண்ணன் டயரோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்காருக்கா," என்று ஒரு முறை சொன்னேன்.

"என்னை அக்காங்கறே, அவரை அண்ணங்கறே. நாங்க ரெண்டு பேரும் கூடப் பிறந்தவங்களா? ஒரு முடிவுக்கு வா." சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது.

பென்சிலைச் சீவிக் கொடுப்பது அண்ணன் வேலை. டியூப் வெட்டுகிற கத்தியால் ஊசி மாதிரி சீவி வைப்பார். "துணிதான் முடிஞ்சுபோச்சு, இப்பப் பத்தாம் பக்கமாப் பாத்துக் காகிதத்துக்கும் ஓரம் அடிக்கிறா," என்று கேலி பேசுவார். பேப்பரில் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்கிறவர் அவர். அந்தப் பேப்பரிலும் அவர் பெருவிரல் பட்ட இடமெல்லாம் கிரீஸ் கறை இருக்கும். அதற்காக அக்காவிடம் வாங்கிய திட்டுகளுக்குக் கணக்கே கிடையாது.

அந்த மனுஷர் ஒரு நாள் மத்தியானம் நூலகத்துக்குள் வந்தார். செருப்பை எங்கே விடுவது என்று தெரியாமல் வாசலிலேயே நின்றார். நான்தான் போய்க் கூட்டி வந்தேன்.

"எனக்கு ஒரு கார்டு போடணும்மா."

"உங்களுக்கா?"

"ஆமா." குரலைத் தாழ்த்தினார். "கணையம்னு ஒண்ணு இருக்காமே. அதுல வர்ற புத்துநோய். நம்மளை மாதிரி ஆளுக்குப் புரியற மாதிரி ஏதாவது புத்தகம் இருக்கா? எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தருக்கு."

தெரிஞ்சவர் ஒருத்தருக்கு என்றவருக்குக் கண் நிறைந்துவிட்டது. போன வாரம்கூட அக்கா, "அல்சராம், சாப்பாட்டைக் கொறைச்சுட்டேன்," என்று என்னிடம் சொல்லியிருந்தார்.

நோயாளியின் வீட்டாருக்காக ஒரு டாக்டர் எழுதிய புத்தகம் எங்களிடம் இருந்தது. ஒரே ஒரு பிரதி. கொண்டுவந்து அவர் பெயரில் பதிந்து கொடுத்தேன். வாங்கிக்கொண்டும் அவர் நகரவில்லை.

"இன்னொண்ணும்மா. அவ எப்பவாவது இந்த மாதிரிப் புத்தகம் கேட்டா, இல்லேன்னு சொல்லிடு. என்ன கேட்டான்னு எனக்கு ஒரு வார்த்தை சொல்லு."

"ரெண்டும் முடியாதுண்ணே."

"நான் அவ புருஷன்."

"சரிண்ணே. ஆனா கார்டு அவங்களுது."

"புரியாமப் பேசாதே. அவளுக்குத் தெரிஞ்சா அன்னைக்கே உடைஞ்சு போயிடுவா. டாக்டரு, எம் பொண்ணு, நான், மூணு பேரும் பேசித்தான் அல்சர்னு சொல்லி வச்சிருக்கோம். இருக்கற வரைக்கும் நிம்மதியா இருக்கட்டும்."

"நீங்க இந்தப் புத்தகத்தை எடுத்ததை அக்காகிட்ட நான் சொல்வேனா? மாட்டேன். அதே மாதிரிதான் இதுவும்."

என்னை ஒரு முறை முறைத்துவிட்டு, புத்தகத்தைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு கடைப் பக்கம் போகும்போதெல்லாம் பார்ப்பேன். ஆள் இல்லாத நேரத்தில் டூல்ஸ் பெட்டியின் மூடிக்குப் பின்னால் குனிந்துகொண்டிருப்பார். காலடிச் சத்தம் கேட்டால் மூடியைச் சாத்திவிடுவார்.

புத்தகம் திரும்பி வந்தபோது பக்கம் பக்கமாகப் பெருவிரல் கறை. அறுபத்தெட்டாம் பக்கத்தோடு கறை நின்றிருந்தது. அதற்கு அடுத்த பக்கத்தில் 'கடைசி வாரங்கள்' என்ற அத்தியாயம் தொடங்குகிறது.

"முழுசாப் படிச்சீங்களாண்ணே?"

"போதும்மா," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் கணினியில் பதிந்தேன். அவர் பெயர் அழிந்தது.

அடுத்த முறை மாடிக்குப் போனபோது அக்கா புத்தகங்களுக்கு உறை மாட்டவில்லை. கீழே பம்ப் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டு, என்னைக் கட்டிலில் உட்காரச் சொன்னார்.

"ஒரு புத்தகம் வேணும். அவருக்குத் தெரியக்கூடாது."

நோயின் பெயரைத் தடுமாறாமல் சொன்னார். என் முகத்தில் எதுவும் தெரிந்துவிடக்கூடாது என்பதற்காகப் பையின் ஜிப்பைத் திறந்து மூடினேன்.

"ஆஸ்பத்திரியில எடை பாத்துட்டு வாங்கன்னு என்னை வெளிய அனுப்பிட்டு உள்ள உக்காந்து பேசினாங்க," என்றார். "நான் தையல்காரி. எனக்கா எடை பாக்கணும்? போன வருஷத்து உடுப்பை மூணு தடவை பிடிச்சுத் தைச்சிருக்கேன். இடுப்பு எத்தனை அங்குலம் போச்சுன்னு என் விரலுக்குத் தெரியும். வெளிய பெஞ்சுல உக்காந்திருந்த பொம்பளைகிட்ட இது என்ன வார்டுன்னு கேட்டேன். அவ சொல்லிட்டா."

"அண்ணன்கிட்ட பேசினா என்னக்கா?"

"வேணாம். அவருக்கு நடிக்கவே தெரியாது. ஆனாலும் தினம் நடிக்கிறாரு. அடுத்த மாசம் மெஷின்ல உக்காந்துடுவே, எண்ணெய் விட்டு வைக்கிறேங்கறாரு. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அந்த நடிப்பையும் விட்டுட்டு உக்காந்துடுவாரு. அதுதான் அவரைக் காலையில எழுப்பிக் கடை திறக்க வைக்குது."

அதே புத்தகத்தை அதே அலமாரியிலிருந்து எடுத்து அக்கா பெயரில் பதிந்தேன். மூன்று கதைப் புத்தகங்களுக்கு நடுவில் வைத்துக் கொண்டுபோனேன். அக்கா முதலில் அதற்குத்தான் உறை மாட்டினார். உறைக்குள் போய்விட்டால் எல்லாப் புத்தகமும் ஒன்றுதான். "இதுல தையல் போட மாட்டேன். அவரு கண்ணுல பட்டா குட்டு உடைஞ்சிடும்," என்றார். பிறகு பிரித்தார். இரண்டு பக்கம் புரட்டியதும் கை நின்றது.

பெருவிரல் கறையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"பல பேர் கை படற புத்தகம்க்கா," என்றேன்.

"நான் உன்னை ஒண்ணும் கேக்கல." பக்கங்களை மெல்லத் தள்ளிக்கொண்டே போனார். அறுபத்தெட்டில் நிறுத்தினார். அடுத்த பக்கத்தைத் திருப்பினார், சுத்தமாக இருந்தது. அதற்கடுத்ததும் சுத்தம். "இதுக்கு மேல போகல. பாவம், பயந்துட்டாரு," என்றார். அப்போதுதான் அவர் அழுதார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த பொம்பளையைப் பற்றிச் சொன்னபோதுகூட அவர் அழவில்லை.

படி இறங்கி வரும்போது எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பேரும் ஒருவரிடமிருந்து ஒருவர் ஒளித்துக்கொண்டு, ஒளித்து வைக்க இரண்டு பேருக்கும் நான்தான் பெட்டியா? இருக்கிற நாளோ கொஞ்சம். அதையும் இப்படித் தனித்தனியாகவா தீர்ப்பார்கள்? கீழே அண்ணன் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். "என்னம்மா, அக்கா எப்படி இருக்கா? தெம்பா இருக்கால்ல?" என்றார். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் அந்த டியூபைப் போட்டுவிட்டு மேலே ஓடுவார். நாக்கு நுனி வரைக்கும் வந்ததை மென்று விழுங்கிவிட்டு, பையை இழுத்துக்கொண்டு நடந்தேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

அக்காவுக்கு வலி கூடியது. சாப்பாடு நிற்கவில்லை. அண்ணன் கடையைத் திறந்தாலும் பாதி நேரம் மாடியில் இருந்தார். ஒரு நாள் காலையில் நூலகம் திறக்குமுன்பே வாசலில் நின்றார்.

"அந்தப் புத்தகம் திரும்ப வேணும்மா. பாதியில விட்டுட்டேன். அதுக்கப்புறம் என்ன செய்யணும்னு இருக்குமில்ல. நேத்து ராத்திரியெல்லாம் அவ சுருண்டு கெடக்கறா, எனக்கு என்ன செய்யறதுன்னே தெரியல."

"வெளிய போயிருக்குண்ணே."

"யாரு எடுத்திருக்காங்க?"

"சொல்லக்கூடாது."

"இந்த ஊருலதானே இருக்காங்க? அவங்க வீட்டுல யாருக்கோ இதே கஷ்டம்தானே? நான் போய்க் கால்ல விழுந்தாவது கேக்கறேன். ஒரு நாளைக்குக் குடுத்தாப் போதும், படிச்சுட்டுத் தந்துடறேன்."

"முடியாதுண்ணே."

"நீயெல்லாம் மனுஷிதானா?" என்று கத்திவிட்டார். பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். வேறு யாராவது அப்படிக் கேட்டிருந்தால் நான் அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். அண்ணனுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

சத்தம் கேட்டுத் தலைமை நூலகர் உள்ளேயிருந்து வந்தார். "கோபப்படாதீங்க ஐயா. உங்க பேருல முன்பதிவு போட்டுடறேன். வச்சிருக்கறவங்களுக்கு உடனே தகவல் போயிடும், சீக்கிரம் வந்துடும்," என்று சொல்லிக் கணினியில் தட்டினார்.

அடுத்த நொடி, அண்ணனின் சட்டைப் பையில் போன் கிணிங் என்றது.

அக்காவுக்குக் கார்டு போட்ட நாள் கண்முன் வந்தது. அக்காவிடம் போன் கிடையாது. "என் நம்பரையே போட்டுக்கம்மா," என்று அண்ணன் சொல்ல, நாங்களும் எழுதிக்கொண்டோம்.

அவர் போனை எடுத்துக் கண்ணிலிருந்து தள்ளிப் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார். "கண்ணாடியக் கடையில வச்சுட்டு வந்துட்டேன். என்னன்னு பாரு. ஆஸ்பத்திரியிலேருந்தான்னு பாரு."

புத்தகத்தின் பெயர் முழுசாக இருந்தது. அதை வேறொரு வாசகர் கேட்கிறார், விரைவில் திருப்பித் தரவும் என்று இருந்தது. மேலே அக்காவின் கார்டு எண்.

பொய் சொல்லிவிடலாம், கம்பெனி விளம்பரம் என்று. அவர் நம்பியிருப்பார். ஆனால் அந்த வீட்டில் எல்லோரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்த பொய்கள் போதும் என்று எனக்குத் தோன்றியது.

"ஆஸ்பத்திரி இல்லண்ணே. இது உங்களுக்கு வந்தது இல்ல. இன்னொருத்தருக்குப் போக வேண்டியது, எங்க தப்பால உங்களுக்கு வந்திருக்கு. அழிச்சிடட்டுமா?"

"அழிச்சிடு," என்றார். அவர் மனம் அதில் இல்லை. போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, வந்த வழியே போனார்.

அவர் தலை மறைந்ததும் தலைமை நூலகரிடம் அக்காவின் கார்டிலிருந்து அந்தப் போன் நம்பரை எடுக்கச் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முகம் வெளுத்துவிட்டது.

"எத்தனை கார்டுல இப்படி இருக்கு?"

"வீட்டுச் சேவைக் கார்டு எல்லாத்துலயும். யார் கதவைத் திறக்கறாங்களோ அவங்க நம்பர்தான்."

போலீஸுக்கே காட்ட மாட்டோம் என்று மார்தட்டிக்கொண்டிருந்தோம். வீட்டு ஆளுக்கு நாங்களே செய்தி அனுப்பிக்கொண்டிருந்தோம். அன்று மற்ற வேலைகளைத் தள்ளி வைத்துவிட்டு இரண்டு பேரும் உட்கார்ந்து ஒவ்வொரு நம்பராக எடுத்தோம்.

மறுநாள் என் முறை இல்லை. ஆனாலும் மாடிக்குப் போனேன். அண்ணன் மருந்துக் கடைக்குப் போயிருந்தார். அக்கா பாதியாகிவிட்டிருந்தார். உறை போட்ட புத்தகம் தலையணைக்கு அடியில் இருந்தது.

"அக்கா, அந்தப் புத்தகத்தை இன்னொரு வாசகர் கேக்கறாங்க." இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. எந்தப் புத்தகத்துக்கும், வைத்திருக்கிற எவரிடமும் இப்படிச் சொல்வதுதான் வழக்கம்.

"யாரு?"

"சொல்ல மாட்டேன்."

"கல்லுளிமங்கி," என்றார். சிரிக்கப் பார்த்தார். "ஏற்கெனவே படிச்சவங்களா, புதுசா?"

நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே கடையில் பாதி கழற்றிய சைக்கிள் ஒன்று தலைகீழாக நின்றது.

அக்கா தலையணைக்கு அடியிலிருந்து புத்தகத்தை உருவினார். பிறகு, "அப்போ அந்த எடத்துக்கு வந்துட்டாரு," என்றார். என்னிடம் சொன்ன மாதிரியும் இல்லை. "நான் ஒருத்தி, எனக்குத் தெரியாத மாதிரி இருந்தா அவருக்கு நல்லதுன்னு நெனச்சேன். இவ்வளவு நாளும் அவரு ஒண்டியாத்தானே இதைத் தூக்கிச் சுமந்திருக்காரு. அந்தப் பக்கத்துல அவரு தனியா நிக்கக்கூடாது, புத்தகம். பென்சிலை எடு."

பென்சில் மெஷின் மேல் இருந்தது, புதிதாகச் சீவி. எடுத்துக் கொடுத்தேன். பத்தாம் பக்கத்தைத் திருப்பப் போனேன். "அங்க இல்ல," என்றார். அறுபத்தொன்பதாம் பக்கத்தைத் திறக்கச் சொன்னார். பக்க எண்ணுக்குக் கீழே மூன்று சாய்கோடுகள் போட்டார். ஒரு கோடு வளைந்துவிட்டது. "தூ," என்று தன்னையே கடிந்துகொண்டு, "அடுத்தது," என்றார்.

நான் பக்கத்தைத் திருப்பினேன். மறுபடி மூன்று. திருப்பினேன். மூன்று. சாப்பாடு குறைவது பற்றி, வலி பற்றி, மூச்சு பற்றி, கடைசியில் பக்கத்தில் இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பது பற்றி, ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில் தையல் போட்டுக்கொண்டே போனார். நடுவில் இரண்டு முறை பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "மிச்சத்தை நான் போடட்டுமாக்கா?" என்றதற்கு, "உன் தையல் அவருக்குத் தெரிஞ்சிடும்," என்றார். கடைசிப் பக்கம் வரை அவரேதான் போட்டார்.

"உறையோடயே குடு," என்று நீட்டினார். "நீ ஒண்ணும் சொல்லிடலை, அதனால மனசுல வச்சுக்காதே. இது நான் சொன்னது."

நான் புத்தகத்தை வாங்கிக்கொண்டேன். அவர் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல் நுனிகள், இன்னும் அப்படியே இருந்தன.

அன்று மாலையே அண்ணன் வந்து வாங்கிக்கொண்டார். முந்தின நாள் கத்தியதற்காகத் தலையைக் குனிந்துகொண்டே நின்றார். உறையைப் பார்த்ததும் நெற்றி சுருங்கியது. எத்தனையோ தடவை கட்டிலருகே பார்த்த துணிதான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அங்கேயே பிரித்தார். தன் கறை நின்ற இடம் அவருக்குத் தெரியும். அங்கிருந்து ஒரு பக்கம் திருப்பினார். இன்னொரு பக்கம். இன்னொரு பக்கம். நான் முத்திரை மையைத் துடைத்துக்கொண்டிருந்தேன், அது ஏற்கெனவே துடைத்திருந்தது. நிமிர்ந்து பார்த்தபோது அவர் இல்லை. செருப்பு வாசலிலேயே கிடந்தது.

என் முறை வந்தபோது கடை ஷட்டர் இறங்கியிருந்தது. பட்டப்பகலில் அந்த ஷட்டரை இறக்கி நான் பார்த்ததே இல்லை. பயந்துகொண்டே படியேறினேன். பாதிப் படியில் அண்ணனின் குரல் கேட்டது, எழுத்துக் கூட்டிப் படிக்கிற குரல்.

"நோயா…ளிக்கு உணவில் விருப்பம் குறையும். இது இயல்பு. வற்…புறுத்த வேண்டாம்."

"கேட்டுக்கங்க," என்றது அக்காவின் குரல். "இனிமே சாப்பிடு சாப்பிடுன்னு என் உயிரை எடுக்காதீங்க."

அண்ணன் சிரித்தாரா அழுதாரா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பிறகு, "அடுத்த பக்கம் போலாமா?" என்று கேட்டார். "போலாம்," என்றார் அக்கா. நான் கொண்டுபோன கதைப் புத்தகங்களைப் படியிலேயே வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் இறங்கி வந்தேன்.

அதற்குப் பிறகு அக்கா அதிக நாள் இல்லை. அண்ணன் புத்தகத்தைத் திருப்பித் தர வந்தபோது எடுத்ததும் கேட்டார்.

"அன்னைக்கு என் போன்ல வந்தது என்னம்மா?"

"அது உங்களுக்கு வந்தது இல்லண்ணே."

தலையை ஆட்டினார். "கல்லுளிமங்கின்னு அவ சொல்லுவா. சரியாத்தான் சொல்லியிருக்கா."

புத்தகத்தைப் பிரித்தேன். அறுபத்தொன்பதிலிருந்து கடைசிப் பக்கம் வரை, தையலுக்குப் பக்கத்தில் பெருவிரல் கறை. ஒரு பக்கம்கூட விடுபடவில்லை. கணினியில் பதிந்தேன், அவர் பெயர் அழிந்தது. உறையைக் கழற்றி அவரிடம் கொடுத்தேன். அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"இத்தனை வருஷமா அவ என்னென்ன படிச்சான்னு ஒரு கணக்கு இருக்குமில்ல? அதைக் குடேன். நான் ஒண்ணையும் அவளைக் கேட்டதே இல்ல. என்ன கதைன்னு ஒரு நாள்கூடக் கேட்டதில்ல. இப்ப அதையாவது படிக்கலாம்னு பாக்கறேன்."

"இல்லண்ணே. எதுவும் இல்ல. திரும்பி வந்ததும் அழிஞ்சுபோகும்." இதைப் பெருமையாகச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம். அன்று கணினித் திரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

அவர் மெதுவாக நடந்து முதல் அலமாரிக்குப் போனார். மேல் தட்டில் ஓரத்திலிருந்த புத்தகத்தை எடுத்தார், பத்தாம் பக்கத்தைத் திருப்பினார், பார்த்தார், திரும்ப வைத்தார். அடுத்ததை எடுத்தார். பத்தாம் பக்கம். வைத்தார். அடுத்ததில் கை நின்றது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அந்தப் புத்தகத்தை மட்டும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அதற்கடுத்ததை எடுத்தார்.

கடையிலிருந்து நேராக வந்திருந்தார், கையெல்லாம் கிரீஸ். கையைத் துடைச்சுட்டு எடுங்கண்ணே என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.